கோச்சிங்கை முழுநேரத் தொழிலாக எடுக்கலாமா? டர்பனிலிருந்து ஒரு பதில்

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரிலிருந்து தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் வந்து ஒரு ஐ.டி. நிறுவனத்தில் புராஜெக்ட் மேனேஜராக இருக்கிறீர்கள். நிரந்தர வசிப்புரிமை கைக்கு வந்துவிட்டது. ஆபீசில் யாருக்கு என்ன சிக்கல் வந்தாலும் உங்களிடம்தான் யோசனை கேட்டு வருகிறார்கள். அந்தத் தெம்பில் ஒரு கோச்சிங் படிப்பில் சேர்ந்திருக்கிறீர்கள். பரீட்சைக்கான டியூஷன் இல்லை; வேலையில் இருப்பவர்களோடு உட்கார்ந்து பேசி, தங்கள் வழியைத் தாங்களே காண உதவும் தொழில். பிப்ரவரி கடைசியில் வேலையை விட்டுவிட்டு இதிலேயே இறங்கலாமா, காலூன்ற எவ்வளவு நாளாகும், இந்தத் தொழில் அக்காவுக்குத் தன்னைப் பற்றி என்ன கற்றுக்கொடுத்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முதல் இரண்டுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

நான் மதுரையில் பிறந்து, கல்யாணமாகி டர்பன் வந்தவள். இங்கே ஒரு வங்கியின் ஊழியர் பயிற்சிப் பிரிவில் இருந்துவிட்டுக் கோச்சிங்குக்கு வந்தேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாக மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் பக்கத்துத் தமிழர்கள், தெலுங்கர்கள். உம்லாசி, க்வாமாஷு, இனாண்டா பக்கத்து ஜூலு மக்கள். அம்மா துணி ஆலையில் தைத்திருப்பார், அப்பா முனிசிபாலிட்டியிலோ சர்க்கரை ஆலையிலோ இருந்திருப்பார். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி 1911 வரை டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அவர்களுடைய வம்சத்தினரும் சரி, இந்த மண்ணுக்கே சொந்தக்காரர்களான ஜூலு மக்களும் சரி, நிறவெறி ஆட்சி முடிகிறவரை மேல்பதவிப் பக்கம் அண்ட விடப்படவில்லை. அதனால் போர்டு மீட்டிங்கில் எப்படிப் பேசுவது, மேலதிகாரியிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது என்றெல்லாம் சாப்பாட்டு மேசையில் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் கிடையாது. என் தொழில் அந்த இடத்தில் நிற்கிறது.

"எல்லாரும் என்னிடம்தான் யோசனை கேட்டு வருகிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். இந்தத் தொழிலுக்கு வருகிற முக்கால்வாசிப் பேர் அந்த வரியோடுதான் வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். வந்ததும் இந்தத் தொழில் முதலில் கழற்றி வைக்கச் சொல்வது அதைத்தான்.

நம் வீடுகளில் பாசம் வெளிப்படுவதே யோசனையாகத்தான். சாப்பிட்டாயா என்று கேட்ட மூச்சில், இந்த வேலையை விடு, அந்தப் பரீட்சை எழுது, பெண்ணை இந்த ஸ்கூலில் போடு என்று சொன்னால்தான் பெரியவர். ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறவரை, நமக்கென்ன என்று இருக்கிறார் பார் என்போம். வீட்டுக்கு மூத்த பெண்ணாக வளர்ந்த எனக்கு அந்தப் பழக்கம் ரத்தத்திலேயே உண்டு. கோச்சிங்கில் எதிரே உட்கார்ந்திருப்பவர் தன் வழியைத் தானே காண வேண்டும். அவர் காண்கிற வரை நாம் பொறுக்க வேண்டும். சொன்னால் ஒரு வாக்கியம். செய்து பார்த்தால்தான் தெரியும், எதைப் பொறுத்துக்கொள்கிறோம் என்று.

ஒரு உரையாடலைச் சொல்கிறேன். அந்தப் பெண்ணின் சம்மதத்தோடும், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும்தான் சொல்கிறேன். டர்பன் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்குக் கிடங்கில் அவர் ஆப்பரேஷன்ஸ் மேனேஜர். முப்பத்தைந்து வயதுக்குள். அவருக்குக் கீழே ஐம்பதைத் தாண்டிய ஒரு ஜூலு ஷிப்ட் சூப்பர்வைசர். அன்றாட ரிப்போர்ட்டை அவர் நேரத்துக்குத் தருவதில்லை. இந்தப் பெண் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து, தானே அதை நிரப்பி மேலே அனுப்பிக்கொண்டிருந்தார். இங்கே வயதில் மூத்த பெண்களை எல்லாரும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். "நான் என்ன செய்யணும், சொல்லுங்க ஆன்ட்டி" என்றார்.

வங்கி அனுபவத்திலிருந்து எனக்கு வரிசையாகப் பதில்கள் வந்தன. தனியாகக் கூப்பிட்டுப் பேசு, நேரக்கெடு வை, எழுத்தில் கொடு. எதுவுமே தவறான பதில் கிடையாது. அவற்றைச் சொல்லாமல், "அவர்கிட்ட இதைக் கேட்கணும்னு நினைக்கிறப்ப உங்களுக்குள்ள என்ன நடக்குது?" என்று மட்டும் கேட்டேன். அவர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார் (பாபா என்றால் ஜூலுவில் அப்பா): "அவரை நான் பாபான்னுதான் கூப்பிடுறேன் ஆன்ட்டி. எங்க அப்பா வயசு. எங்க அப்பா ஃபேக்டரியில இருந்தப்ப, மகன் வயசுல ஒருத்தன் எல்லார் முன்னாடியும் அவரைத் திட்டினான். நான் அப்ப கேட்டுக்கு வெளியில சாப்பாட்டுத் தூக்கோட நின்னுட்டிருந்தேன். நான் அவனா ஆயிடக் கூடாது."

என் பதில்களில் ஒன்றைச் சொல்லியிருந்தாலும் அவரை அந்த ஆளாகத்தான் ஆக்கியிருக்கும். அந்த ரிப்போர்ட் விஷயத்தில் அவர் தடுமாறியதற்குக் காரணம் திறமைக் குறைவே இல்லை. திட்டுவதற்கும் சும்மா இருப்பதற்கும் நடுவில் ஒரு மேனேஜர் எப்படி இருப்பார் என்று அவர் பார்த்ததே கிடையாது. அன்றைக்கு மீதி நேரமும் அதைத்தான் பேசினோம். அவர் மதித்த பெரியவர்களில், குரலை உயர்த்தாமல் வேலை வாங்கியவர் யார் என்று கேட்டேன். கோயில் சமையல்கட்டை நடத்திய தன் ஆயாவைச் சொன்னார். புரட்டாசியில் நூற்றுக்கணக்கான பேருக்குச் சமைக்கும்போது ஆயா யாரையும் அதட்டியதில்லையாம். பக்கத்தில் போய் நின்று, "இது நேரத்துக்கு வரலைன்னா அடுத்த பந்தி பசியோட நிக்கும்" என்பாராம். மறுவாரம் இந்தப் பெண்ணும் ஷிப்ட் தொடங்குமுன் சூப்பர்வைசரிடம் போய், ரிப்போர்ட் வராவிட்டால் தனக்கு மேலே என்ன ஆகிறது என்று சொல்லிவிட்டு, இதை எப்படிச் சரிசெய்யலாம் பாபா என்று கேட்டிருக்கிறார். அந்த ஃபாரம் புதிதாகக் கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தது. அதில் ஆங்கிலத்தில் நிரப்ப சூப்பர்வைசருக்குச் சிரமம். ஷிப்ட் முடிந்ததும் ஒரு பையனைத் தேடிப் பிடித்து, தான் சொல்லச் சொல்ல டைப் அடிக்க வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதை வெளியில் சொல்ல அவருக்குக் கூச்சம். ஃபாரத்தைச் சுருக்கினார்கள். ரிப்போர்ட் இன்றைக்கும் சில நாட்களில் தாமதமாகத்தான் வருகிறதாம். ஆனால் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து இந்தப் பெண் அதை எழுதுவதில்லை.

அந்த நீண்ட மௌனத்தின்போது எனக்குள் என்ன நடந்தது என்பதுதான் உங்கள் கேள்விக்கான பதில். வாய் துறுதுறுத்தது. அவர்மேல் இருந்த அக்கறை அதில் ஒரு பங்குதான். ஆன்ட்டியிடம் போனால் வழி பிறக்கும் என்று அவர் நாலு பேரிடம் சொல்ல வேண்டும் என்ற ஆசை இன்னொரு பங்கு. நான் பிறருக்குத் தேவைப்பட வேண்டும், நான் இல்லாவிட்டால் அவர்களுக்கு ஓடக் கூடாது என்ற ஆசை. இந்தத் தொழிலை வளர்த்த காலம் முழுக்க நான் என்னிடம் கண்டுபிடித்தது அது ஒன்றைத்தான். கட்டணம் சொல்லும்போது அது தலைகாட்டும். ஒருவரை இன்னொரு நிபுணரிடம் அனுப்ப வேண்டிய நேரத்தில் கையைப் பிடித்து இழுக்கும். கிளையன்ட் விடைபெறும் நாளில் மனதை அறுக்கும். படிப்பில் இதற்கென்று பாடம் எதுவும் இருக்காது. ஆனால் கோச்சிங் தொழிலில் எழும் பெரும்பாலான சிக்கல்களின் அடியில் இதுதான் கிடக்கிறது என்பது என் தீர்மானமான எண்ணம்.

இதைக் கேட்டுவிட்டு யோசனையே சொல்லக் கூடாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த விதியைப் பிடித்துக்கொண்டு சில புதிய கோச்சுகள் செய்வதைப் பார்க்க எனக்குக் கோபம் வரும். வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். நியாயமற்ற பணிநீக்கம் என்றால் தொழில் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பான சி.சி.எம்.ஏ.வில் 30 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அப்போதும் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுக்கொண்டிருப்பது அநியாயம். தகவலைத் தகவலாகச் சொல்லிவிட வேண்டும். மனு கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு அவருடையது. தகவலுக்கும் முடிவுக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கோட்டை ஒவ்வொரு உரையாடலிலும் புதிதாகத்தான் போட வேண்டியிருக்கிறது.

பாடத்தில் இருக்கும் இன்னொன்றையும் இங்கே மாற்றிக்கொள்ள வேண்டிவரும். ஜான் விட்மோர் பரப்பிய க்ரோ முறையை உங்களுக்குக் கற்றுக்கொடுப்பார்கள்: இலக்கு, இப்போதைய நிலை, உள்ள வழிகள், செய்யப்போவது என்று நாலு படி. நல்ல முறைதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் உன் இலக்கு என்ன என்ற முதல் கேள்வியிலேயே ஒருவர் தனியாக நின்று முடிவெடுப்பார் என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. எங்கள் ஊரில் அப்படி யார் இருக்கிறார்கள்? சம்பளம் வந்ததும் தங்கையின் காலேஜ் கட்டணம், அத்தையின் வீட்டுக் கூரை, ஊரில் இருக்கும் பாட்டியின் மருந்து என்று போய்விடும். கறுப்பின மக்கள் அதை பிளாக் டாக்ஸ் என்று சொல்கிறார்கள். பெயர் வைக்காமல் நம்மவர்களும் அதையேதான் கட்டுகிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்புகிற உங்களுக்குத் தெரியாததா? கேப் டவுனில் பெரிய பதவி கிடைத்தும் போகவில்லை என்று ஒருவர் சொன்னால், அவருக்குத் துணிச்சல் போதாது என்று எழுதி வைத்துவிடாதீர்கள். நான் கேட்பது, இந்த முடிவில் உங்களோடு இன்னும் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. அதற்கு வரும் பதிலில்தான் பேச வேண்டிய விஷயம் இருக்கும்.

2021 ஜூலையைச் சொல்லாமல் டர்பன் கோச் ஒருத்தி எதையும் எழுத முடியாது. கலவரமும் கொள்ளையும் நடந்த அந்த நாட்களில் நாட்டில் 350-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்சில் கறுப்பின மக்கள் கொல்லப்பட்ட காயம் இன்னும் ஆறவில்லை. அந்தச் சமயத்தில் ஃபீனிக்சிலிருந்து ஒருவரும் பக்கத்து இனாண்டாவிலிருந்து ஒருவரும் என் கிளையன்ட்களாக இருந்தார்கள். முதலாமவர் தெருமுனையில் ராத்திரி முழுக்கக் காவல் இருந்தவர். மற்றவர், தன் உறவுக்காரப் பையன் ரொட்டி வாங்கப் போய் வழிமறிக்கப்பட்டு அடிபட்டுத் திரும்பினான் என்று சொன்னார். அதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் இந்தியர். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவர் பார்க்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

என் வாயிலும் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படி இல்லை, பயத்தில் நடந்தது, போலீஸ் வரவே இல்லை. அத்தனையும் நான் நல்லவள் என்று அவர் நினைக்க வேண்டும் என்பதற்கான வார்த்தைகள். அவருக்கு அந்த நேரத்தில் அவற்றால் என்ன பயன்? "அந்தப் பையன் இப்ப எப்படி இருக்கான்?" என்று கேட்டேன். அவர் பேசினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாரமே என் கோச்சிங் சூப்பர்வைசரிடம் போய், நான் சொல்லாமல் விழுங்கியதையெல்லாம் அவரிடம் கொட்டினேன்.

கோச்சிங் சூப்பர்விஷன் என்றால் என்ன என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், படிப்பில் இதைக் கடைசியில் அவசரமாகச் சொல்லி முடிப்பார்கள். அனுபவமுள்ள வேறொரு கோச்சிடம் நம் வேலையைக் கொண்டுபோய் வைத்து, கிளையன்ட்டுக்கு என்ன நடந்தது, அப்போது நமக்குள் என்ன நடந்தது என்று பார்ப்பது. காசு கொடுத்துத்தான் போக வேண்டும். வருமானம் குறைவாக இருக்கும் தொடக்க காலத்தில் முதலில் வெட்டத் தோன்றும் செலவு இதுதான், அப்போதுதான் இது அதிகம் தேவைப்படும். விளம்பரத்துக்கும் வெப்சைட்டுக்கும் வைத்திருக்கும் பணத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள் என்று நான் கூசாமல் சொல்வேன்.

தெருமுனையில் காவல் இருந்த அந்த ஃபீனிக்ஸ்காரருக்கு அதன் பிறகு தூக்கமே இல்லாமல் போனது. கார்க் கதவு பலமாகச் சாத்தப்பட்டால் உடம்பு உதறுகிறது என்றார். அது என் வேலை இல்லை. சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள இந்த நாட்டில் மருத்துவத் தொழில்களுக்கான கவுன்சிலான எச்.பி.சி.எஸ்.ஏ.வில் பதிவு வேண்டும். கோச் என்று சொல்லிக்கொள்ளச் சட்டப்படி யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. அதனால்தான் எல்லையை நாமே கறாராகப் பிடிக்க வேண்டியிருக்கிறது. "உங்ககிட்ட பேசினாலே போதும் ஆன்ட்டி, வேற யார்கிட்டயும் போக மாட்டேன்" என்றார். நான் முன்னே சொன்ன ஆசைக்கு இதைவிட இனிப்பான வார்த்தை கிடைக்குமா? அவர் சைக்காலஜிஸ்ட்டிடம் முதல் சந்திப்புக்கு நேரம் வாங்குகிற வரை அன்றைய பேச்சை நான் வேறு எதற்கும் திருப்பவில்லை.

இனி தொழில் பக்கம்.

கம்பெனிகள் பணம் கட்டும் கோச்சிங்கில் மூன்று பேர் இருக்கிறார்கள்: நீங்கள், உட்கார்ந்து பேசும் மேனேஜர், பில் கட்டும் கம்பெனி. தொடங்கும் முன்னே மூவரும் ஒன்றாக உட்கார்ந்து, எதற்காக இந்த ஏற்பாடு, எது வெளியே போகும், எது போகாது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் போடுவது: எத்தனை முறை சந்தித்தோம் என்பது மட்டும் கம்பெனிக்குப் போகும். முன்னேற்றத்தைப் பற்றிச் சொல்வதானால், மூவரும் இருக்கும் கூட்டத்தில் அந்த மேனேஜரே சொல்வார். அப்படி எழுதிய பிறகும் ஒரு நாள் எச்.ஆரிலிருந்து போன் வரும். ரொம்ப அன்பாக, "சும்மாதான் கேட்கிறேன், ஆள் தேறுவாரா, உங்களுக்கு என்ன தோணுது?" என்பார்கள். அடுத்த ஒப்பந்தம் தரப்போகிறவரும் அவர்தான். அந்த நேரத்தில் என்ன சொல்வது என்பதை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். "அதை அவரிடமே கேட்கலாம், வேண்டுமானால் மூவரும் உட்காரும் கூட்டத்தை முன்தள்ளி வைக்கிறேன்" என்பது என் வாக்கியம். இதனால் எனக்கு ஒரு இடத்தில் வேலை போனது. வேறு இடங்களில் இதனாலேயே வேலை வந்தது.

ரகசியம் என்பது டர்பன் மாதிரி ஊரில் ஒப்பந்தத்தோடு முடிகிற விஷயம் இல்லை. பெரிய வெள்ளியன்று உம்பிலோ அம்பலவாணர் ஆலயத்துத் தீமிதிக்குப் போனால் என் கிளையன்ட், அவருடைய மேலதிகாரி, இருவருடைய மாமியார்கள் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். அதனால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவேன்: வெளியில் பார்த்தால் நான் முதலில் பேச மாட்டேன். நீங்கள் பேசினால் பேசுவேன். எப்படித் தெரியும் என்று கூட இருப்பவர்கள் கேட்டால், பதில் சொல்வதும் உங்கள் பொறுப்பு. ஜோகன்னஸ்பர்க் பெரிய ஊர் என்று நினைப்பீர்கள். தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்குப் போய்ப் பாருங்கள், அங்கே அது எவ்வளவு சின்ன ஊர் என்று தெரியும். குறிப்பெழுதுவதிலும் அதே கவனம் வேண்டும். தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் போப்பியா சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. கிளையன்ட் விவரத்தைப் பாஸ்வேர்டு இல்லாத லேப்டாப்பில் வைப்பது இப்போது சட்டச் சிக்கலும்கூட. நான் பெயர் எழுதுவதில்லை. குறைவாக எழுதுகிறேன்.

ஒப்பந்தத்தில் முடிவுத் தேதி இருக்கட்டும். ஆறு சந்திப்போ பத்துச் சந்திப்போ, நடுவில் ஒரு முறை நிறுத்தி, இன்னும் தேவையா என்று கேளுங்கள். முடிவில்லாமல் மாதாமாதம் வந்துகொண்டிருக்கும் கிளையன்ட் வருமானத்துக்கு நல்லது. அவருக்கு நல்லதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

கட்டணத்தைப் பற்றி ஒன்று. நம்மவர்களிடம் காசு கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். எனக்கும் இருந்தது. கூச்சத்தில் இலவசமாகச் செய்தால் அவர்கள் நன்றிக்கடன் பட்டுவிடுகிறார்கள். கடன்பட்டவர் உங்களிடம் நிஜத்தைச் சொல்ல மாட்டார், உங்களைச் சந்தோஷப்படுத்தத்தான் பார்ப்பார். சின்னத் தொகையானாலும் வாங்குங்கள்.

சான்றிதழுக்கும் அது உதவும். சர்வதேசக் கோச்சிங் கூட்டமைப்பான ஐ.சி.எஃப்.பின் முதல் படியான ஏ.சி.சி.க்கு 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேரக் கோச்சிங் அனுபவமும் வேண்டும். அந்த நூறில் 75 மணி நேரம் கட்டணம் வாங்கிச் செய்ததாக இருக்க வேண்டும், குறைந்தது எட்டு கிளையன்ட்கள். கட்டணம் எவ்வளவு என்று அவர்கள் கேட்பதில்லை. அதோடு, மூத்த கோச் ஒருவர் நம் கோச்சிங்கைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் மென்டர் கோச்சிங் 10 மணி நேரம், மூன்று மாதத்துக்குக் குறையாமல். அடுத்த படி பி.சி.சி.க்கு 500 மணி நேரம். இந்த நாட்டிலேயே கோமென்சா என்ற தொழில் அமைப்பும் இருக்கிறது. கம்பெனிகளில் சில இதைக் கேட்கும், சில அதைக் கேட்கும். உள்ளூர்க் கோச்சுகளோடு பழக்கம் வேண்டுமென்றால் கோமென்சா கூட்டங்களுக்குப் போய் வாருங்கள்.

வெளியிலிருந்து வந்த நமக்கென்று இரண்டு விஷயம். பெரிய கம்பெனிகள், கறுப்பினத்தவரின் பொருளாதார மேம்பாட்டுச் சட்டத்தின்படி வரும் பி.பி.பி.இ.இ. மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் வெளியாட்களுக்கு வேலை கொடுக்கின்றன. அந்தச் சட்டத்தில் கறுப்பினத்தவர் என்பதற்குள் இந்தியரும் அடக்கம்தான். ஆனால் பிறப்பாலோ வம்சத்தாலோ குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது 1994 ஏப்ரல் 27-க்கு முன் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும், அல்லது அதற்கு முன்பே பெறும் தகுதி இருந்திருக்க வேண்டும். உங்களையும் என்னையும்போல் பிறகு வந்தவர்களால் கம்பெனிக்கு அந்த மதிப்பெண் கிடைக்காது. இதில் வருத்தப்பட எதுவுமில்லை. அந்தச் சட்டம் யாருக்கு இழைத்த அநீதியைச் சரிசெய்ய வந்ததோ அவர்களுடைய பிள்ளைகள்தான் என் எதிரே உட்கார்கிறார்கள். ஆனால் உங்கள் கணக்கில் அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தகுதியுள்ள உள்ளூர்க் கோச்சோடு கூட்டாகச் செய்யலாம். தனிநபர்களிடமிருந்தும் சிறு நிறுவனங்களிடமிருந்தும் தொடங்கலாம். இரண்டாவது, விசா. வேலை விசாவில் இருப்பவர் தன் பெயரில் தொழில் நடத்த முடியாது. உங்களிடம் நிரந்தர வசிப்புரிமை இருப்பதால் அந்தத் தடை இல்லை. இதைப் படிக்கும் மற்றவர்கள் தங்கள் விசாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பிப்ரவரி.

வேண்டாம் என்றுதான் நான் நினைக்கிறேன். வரி ஆண்டு பிப்ரவரியோடு முடிகிறது, அந்த ஒரு விதத்தில் உங்கள் கணக்கு சரி. ஆனால் தொழில் நாள்காட்டி வேறு. ஆண்டுச் சம்பளப் பட்டுவாடா 5 லட்சம் ராண்டைத் தாண்டும் கம்பெனிகள் அதில் ஒரு சதவீதத்தைத் திறன் மேம்பாட்டு வரியாகக் கட்டுகின்றன. ஊழியர் பயிற்சித் திட்டத்தை ஏப்ரல் 30-க்குள் தங்கள் துறைக்கான பயிற்சி அமைப்பான செட்டாவுக்கு அனுப்ப வேண்டும். அதற்கான பேச்செல்லாம் ஆண்டுத் தொடக்கத்திலேயே நடந்துவிடும். மார்ச்சில் புதிதாகப் போய்க் கதவைத் தட்டுகிறவருக்கு, அடுத்த வருடம் பார்க்கலாம் என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். மார்ச் 21-லிருந்து மே 1 வரை விடுமுறைகள் அடுத்தடுத்து வரும், யாரையும் பிடிக்க முடியாது. டிசம்பர் 16-க்குப் பிறகு ஜனவரி நடு வரை நாடே கடையைச் சாத்திவிடும். அந்த ஒரு மாதம் கோச்சுக்கு வருமானம் இல்லை. பெரிய கம்பெனி பில்லைக் கட்ட 60 நாள் எடுத்துக்கொள்ளும். ஆகஸ்ட் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் நீங்களே முன்வரி கட்ட வேண்டும், சம்பளத்தில் பிடித்துக்கொள்ள ஆள் இருக்காது. ஒரு நாளைக்கு மூன்று பேருக்கு மேல் உருப்படியாகக் கவனம் கொடுக்க என்னால் முடிந்ததில்லை. நாலாவது ஆளுக்கு நாம் தலையை மட்டும்தான் ஆட்டிக்கொண்டிருப்போம். அந்த மூன்று பேரை வைத்து, நாட்டின் 12 பொது விடுமுறையையும் டிசம்பரையும் கழித்து, உங்கள் வீட்டுக்கடன் தவணையை எதிரே எழுதிப் பாருங்கள்.

நான் சொன்ன அந்த ஆசையும் இங்கே வந்து நிற்கிறது. கையில் காசில்லாத கோச்சுக்கு ஒவ்வொரு கிளையன்ட்டும் தேவை. கிளையன்ட் நமக்குத் தேவைப்பட ஆரம்பித்துவிட்டால், அவரைச் சைக்காலஜிஸ்ட்டிடம் அனுப்பவும், எச்.ஆரிடம் முடியாது என்று சொல்லவும், இனி நான் உங்களுக்கு வேண்டாம் என்று விடைகொடுக்கவும் கை வராது. சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே இதையெல்லாம் செய்து பழகுவது எளிது.

ஆகவே வேலையில் இருந்துகொண்டே அந்த 75 மணி நேரத்தைச் சேருங்கள். காலை ஏழு மணியும் சனிக்கிழமையும் போதும். உங்கள் ஆபீஸ் ஆட்களைக் கிளையன்ட்டாக எடுக்க வேண்டாம், அவர்களுடைய மதிப்பீட்டில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. உங்கள் வேலை ஒப்பந்தத்தில் வெளிவேலை பற்றிய விதி இருக்கும். அதைப் படித்துவிட்டு மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், வாய்வார்த்தை வேண்டாம். ஒரு சூப்பர்வைசரை இப்போதே தேடிக்கொள்ளுங்கள். முதல் முறை அவரிடம் போகும்போது, உங்களிடம் யோசனை கேட்க வந்த ஒருவர் நீங்கள் சொன்னதைக் கேட்காமல் வேறொன்றைச் செய்து நன்றாக வந்த கதை ஏதாவது இருந்தால் அதைக் கொண்டுபோங்கள். அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.